செல்லசாமியின் கப்பல் மலை ஏறிய கதை

இலங்கை மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகும் பாதையில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டியே செல்லசாமிக்குத் தலை நரைத்தது. தோட்டத்தில் அவருக்கு 'கல்லுச் செல்லசாமி' என்று பெயர். லொறியை எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டுத்தான் வெற்றிலைப் பையைத் திறப்பார். மேடு, பள்ளம், சமதரை என்ற வித்தியாசமெல்லாம் அவரிடம் கிடையாது. தொழிற்சாலை வாசலில் சீமெந்துத் தரையில் நிற்கும் லொறிக்குக்கூட கல் வைப்பார். யாராவது சிரித்தால், "பூமி சாயாதுன்னு ஒனக்கு யாரு எழுதிக் குடுத்தா?" என்று கேட்பார்.

இவ்வளவு எச்சரிக்கையான மனிதர், ஓய்வு பெற்ற வருஷமே ஒரு கப்பலை வாங்கினார்.

உண்மையில் அது கப்பல் இல்லை. உள்ளே ஒரு சின்ன அறை வைத்த மோட்டார் படகு. 'கெபின் போட்' என்று நீர்கொழும்புக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் தோட்டத்தில் யாரும் அதைப் படகு என்று சொன்னதில்லை. முதல் நாளிலிருந்தே கப்பல்தான்.

யோசனை இஸ்ஸதீனுடையது. அவர் ஹட்டன் கடைவீதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். தோட்டத்துக்கு ஆணியும் பெயின்ட்டும் ஏற்ற வந்து வந்து, செல்லசாமி அந்தக் கடையின் பெயின்ட் வாளி ஒன்றைத் தன் நாற்காலியாகவே ஆக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் பிளேன்டீ குடிக்கும்போது இஸ்ஸதீன் சொன்னார்:

"செல்லசாமி, காசல்ரீக் கரையில ஈக்கிற பழைய பங்களா எல்லாம் இப்ப ஹோட்டல். வெள்ளக்காரன் வந்து கரையில நின்டு தண்ணியப் பாக்கிறான், படம் புடிக்கிறான், போறான். அவனத் தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போக ஒரு ஆள் ஈக்குதா? இல்ல. நாங்க செஞ்சா என்ன?"

"நானா, எனக்கு நீச்சல் தெரியாதே" என்றார் செல்லசாமி. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எனக்கும்தான் தெரியாது. லொறி ஓட்டுறீங்களே, பறக்கத் தெரியுமா? பள்ளத்துக்கு மேலதானே இவ்வளவு காலமும் ஓட்டினீங்க."

இந்த வாதத்தில் ஓட்டை தேடச் செல்லசாமி விரும்பவில்லை. அவருக்கும் அந்தத் தண்ணீருக்கும் ஒரு பழைய கணக்கு இருந்தது. எதிர்க்கரை கூப்பிடு தூரத்தில் தெரியும். கொடியில் காயும் துணியின் நிறம்கூடத் தெரியும். ஆனால் அங்கே போக லொறி ஒவ்வொரு வளைவாகச் சுற்றி, பாதி நாளைத் தின்றுவிடும். வாழ்நாள் முழுக்க அந்தத் தண்ணீர் தன்னைச் சுற்றவைத்து வேடிக்கை பார்த்ததாக அவருக்கு ஒரு எண்ணம்.

மனைவி பேச்சியம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை. "நானாவோட நீர்கொழும்புக்குப் போறேன். ஒரு பழைய வேன் இருக்காம்" என்றார். பேச்சியம்மா மலையில் கொழுந்து கிள்ளி, விடியலில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்களத்தில் கங்காணிமாரோடு மல்லுக்கட்டி உரமேறியவள். கணவரின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். "வேனுன்னா சரி. கண்ணாடி உடைஞ்சதா பாத்து வாங்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

நீர்கொழும்பில் படகுக்குச் சொந்தக்காரி பிரியந்தி. கணவன் இத்தாலிக்குப் போய்விட்டதால் கடலோரக் களப்பில் சும்மா கிடந்த படகை விற்க நினைத்தாள். மீன் சந்தையில் பழகிய வேகமான தமிழ் அவளுடையது. இருவரையும் ஏற்றிக்கொண்டு களப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு, ஸ்டீரிங்கைச் செல்லசாமியிடம் கொடுத்தாள்.

செல்லசாமி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருடைய வலது கால் எதையோ தேடியது. தரையை மிதித்தது, பக்கத்தில் தட்டியது, மறுபடியும் மிதித்தது.

"என்ன அண்ணே தேடுற?" என்றாள் பிரியந்தி.

"பிரேக் எங்கங்க மிஸ்?"

"போட்டுக்கு பிரேக் இல்ல அண்ணே."

செல்லசாமி மெதுவாகத் திரும்பி இஸ்ஸதீனைப் பார்த்தார். "நானா, பிரேக் இல்லாத வண்டிங்க இது."

"தண்ணியில எறக்கம் ஈக்குதா? இல்லயே. பொறகு என்னத்துக்கு பிரேக்?" என்றார் இஸ்ஸதீன், இரு கைகளாலும் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி.

ஆனால் கெபினுக்குள் குனிந்து இறங்கிப் பார்த்ததும் செல்லசாமியின் மனம் மாறிவிட்டது. இரண்டு பக்கமும் மெத்தை போட்ட படுக்கை. நடுவில் மடிக்கும் மேசை. மூலையில் ஒற்றை அடுப்பு. கதவு வைத்த ஒரு குட்டிக் கக்கூஸ். ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவருடைய ஒற்றை அறைக் காம்பராவுக்கு ஜன்னலே கிடையாது. அவர் திரையை இழுத்து மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார். அவருடைய ஓய்வுக்காலப் பணமும் இஸ்ஸதீனின் கடைப் பணமும் சேர்ந்து, வியாபாரம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சீமெந்து ஏற்றும் இஸ்ஸதீனின் நீள லொறியில், டயர்களை அடுக்கி அதன் மேல் படகைத் தூக்கிவைத்துக் கயிறு கட்டினார்கள். செல்லசாமி லொறியை ஓட்டினார். குறுக்கே வரும் மின்கம்பிகளையும் மரக்கிளைகளையும் தூக்கிவிடுவதற்காக இஸ்ஸதீன் ஒரு நீள மூங்கிலோடு படகின் மேல்தட்டில் ஏறி உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. கையில் போன்.

"வயர் வருது! ஸ்லோ... ஸ்லோ... போங்க!" என்று போனிலேயே வழிநடத்தினார். அவிசாவளை வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

எட்டியாந்தோட்டைக்கு அப்பால் ஒரு மரண வீடு. அந்தப் பகுதி வழக்கப்படி பாதையின் குறுக்கே கயிறு கட்டி, வரிசையாகச் சின்ன வெள்ளைக் கொடிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். இஸ்ஸதீன் அந்த நேரம் பார்த்துக் கடையில் நிற்கும் மகனுக்குப் போனில் பூட்டு விலை சொல்லிக்கொண்டிருந்தார். படகின் முன்நுனி முதல் கயிற்றைப் பிடுங்கியது. அடுத்ததையும் பிடுங்கியது. அவர் சத்தம் போட்டு லொறி நிற்பதற்குள் ஏழெட்டுக் கயிறுகள் சேர்ந்து, படகு முழுக்க வெள்ளைக் கொடிகள்.

இருவரும் இறங்கி, மரண வீட்டுக்காரர்களிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார்கள். அவர்கள் நல்லவர்கள். பிரேதம் அடக்கமாகிவிட்டது, கொடியை எப்படியும் கழற்றத்தான் வேண்டும், நீங்களே கொண்டு போங்கள் என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பினார்கள். படகின் கம்பிகளில் சிக்கிக்கொண்ட கயிற்றை அவிழ்க்க, மழை கறுத்துக்கொண்டு வந்த அவசரம் விடவில்லை. அப்படியே கிளம்பினார்கள்.

கித்துல்கல கடைத்தெருவில் லொறி நுழைந்ததும் செல்லசாமி ஒரு அதிசயத்தைக் கண்டார். எதிரே வந்த பஸ் ஒதுங்கி நின்றது. கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். மேலே, வெள்ளைக் கொடிகளுக்கு நடுவே, இஸ்ஸதீன் மூங்கிலை ஊன்றிக்கொண்டு, பயணக் களைப்பில் கலங்கிய கண்களோடு வீற்றிருந்தார்.

சந்தியில் நின்ற பொலிஸ்காரர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, லொறி ஜன்னலுக்கு வந்து தணிந்த குரலில் கேட்டார்: "கவுத மலே?"

யார் செத்தது என்று கேட்கிறார். செல்லசாமி ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டார். "கவுருத் நே சேர். மேக போட்டுவக்" என்றார். யாரும் சாகவில்லை ஐயா, இது ஒரு படகு.

பொலிஸ்காரர் படகை அண்ணாந்து பார்த்தார். மலைப்பாதையைப் பார்த்தார். பிறகு செல்லசாமியைப் பார்த்தார். "எங்கே கொண்டு போகிறாய்?" என்று சிங்களத்தில் கேட்டார். "மேலே" என்று செல்லசாமி மலையைக் காட்டினார். அந்த மனிதர் தலையை ஆட்டிக்கொண்டு வழிவிட்டார்.

வட்டவளையில் மழை பிடித்தது. வட்டவளை மழைக்கு ஊர் உலகம் தெரியாது. வாளியால் ஊற்றுகிற மாதிரி ஊற்றியது. இஸ்ஸதீன் கெபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் லொறி மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதல் கியரிலும் ஏறவில்லை. செல்லசாமி ஓரமாக நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டு, மேலே ஏறிப் பார்த்தார். படகின் பின்பகுதி நிறையத் தண்ணீர். தொட்டியாட்டம் தளும்பியது.

"நானா! கப்பலுக்குள்ள குளம் கட்டியிருக்கு!"

"பயப்படாதீங்க, தண்ணி எறைக்கிற பம்ப் ஒன்டு ஈக்கெண்டு அந்தப் புள்ள சொன்னா" என்று இஸ்ஸதீன் உள்ளிருந்தே ஒவ்வொரு சுவிட்ச்சாக அழுத்தினார். ஹோர்ன் அடித்தது. பச்சை விளக்கு எரிந்தது. மூன்றாவது சுவிட்ச்சுக்குப் படகின் விலாவிலிருந்து பீப்பாய் உடைந்த மாதிரித் தண்ணீர் சீறிப் பாய்ந்தது. சரியாக அந்த நேரத்தில் பக்கத்தால் முந்திக்கொண்டு போன பஸ்ஸின், மழை சற்று விட்டதும் திறந்த ஜன்னல்கள் எல்லாவற்றையும் அது வரிசையாக விசாரித்தது. பஸ் நின்றது. கொண்டக்டர் தலை நனைந்து இறங்கினான். திட்டுவதற்காக வாயைத் திறந்தவன், மலைமேல் ஒரு கப்பல் நின்று கொடி ஆட்டிக்கொண்டு தண்ணீர் துப்புவதைக் கண்டதும், திறந்த வாய் திறந்தபடியே நின்றான். அப்புறம் போனை எடுத்துப் படம் பிடித்தான்.

அவன் எடுத்த படம் லொறிக்கு முன்னால் ஹட்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. டிக்கோயாவைத் தாண்டும்போதே பாதையின் இரண்டு பக்கமும் ஆட்கள். தோட்டத்துக்குள் நுழைந்தபோது லயத்துச் சனம் முழுவதும் விளையாட்டு மைதானத்தில் நின்றது. நடுவில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பேச்சியம்மா.

செல்லசாமி இறங்கினார். பேச்சியம்மா லொறியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"வேன் பாக்கப் போறேன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா பேச்சி..."

"சக்கரம் எங்க?"

செல்லசாமி இஸ்ஸதீனைப் பார்த்தார். இஸ்ஸதீன் படகின் மேலிருந்து இறங்குவதற்கு ஒரு அவசரமும் காட்டவில்லை.

நீர்த்தேக்கத்துக்கு இறங்கும் பாதை மழையில் சேறாகிக் கிடந்ததால், சேறு காயும்வரை படகை மைதானத்திலேயே இறக்கி வைப்பது என்று முடிவாயிற்று. லயத்து ஆண்கள் எல்லோரும் சேர்ந்து தோள் கொடுத்தார்கள். சேறு காய்ந்தது. ஆனால் அதற்குள் மழையும் நின்று, தை மாசி வெயிலில் நீர்த்தேக்கமும் சேர்ந்து வற்றத் தொடங்கியது. தண்ணீர் நாளுக்கு நாள் கீழே போய், வெடித்த சேற்றுக்கு அப்பால் ஒரு வாய்க்கால் மாதிரித் தெரிந்தது. செல்லசாமி தினமும் காலையில் போய்க் கரையில் நின்று பார்த்துவிட்டு வருவார். பஸ் தவறவிட்டவர் முகம் மாதிரி இருக்கும் அவர் முகம்.

அந்தச் சமயத்தில்தான் பேச்சியம்மா முதன்முதலாகப் படகுக்குள் ஏறினாள். திட்டுவதற்குப் புதிதாக ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் ஏறினாள். உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் விளக்குமாறையும் ஒரு வாளித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போனாள்.

அவளுக்கு ஒரு கவலை இருந்தது. மகன் நிரஞ்சனுக்கு ஹட்டனில் போன் கடையில் வேலை. ஆவணியில்தான் கல்யாணமாகி மருமகள் தனுஷிகா வந்திருந்தாள். இருப்பது ஒற்றைக் காம்பரா. நடுவில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டி, இந்தப் பக்கம் மாமனார் மாமியார், அந்தப் பக்கம் புதுமாப்பிள்ளையும் பெண்ணும். செல்லசாமியின் குறட்டை ஏற்றத்தில் கியர் மாற்றும் லொறியைப் போன்றது. மருமகள் வந்த நாளிலிருந்து உரக்கச் சிரித்து யாரும் கேட்டதில்லை.

அன்று மாலை பேச்சியம்மா தலையணை இரண்டையும் கம்பளியையும் தனுஷிகாவின் கையில் கொடுத்தாள். "நீயும் அவனும் இனிமே கப்பல்ல படுத்துக்கங்க. காலையில தேத்தண்ணிக்கு வந்தாப் போதும்."

"மாமி, சனங்க என்னா சொல்லுவாங்க?"

"சொல்றவங்க வீட்டுல சேலைத் திரை இல்லையாக்கும்? சொல்லட்டும், போ."

மறுநாள் காலையில் தனுஷிகா பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதோடு விஷயம் லயம் முழுக்கப் பரவியது.

பிறகு நடந்தது செல்லசாமி எதிர்பாராதது. பக்கத்துக் காம்பரா அழகனின் மகள் சுலக்ஷனா பரீட்சைக்குப் படிக்க இடமில்லை என்று பகலில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்து லயத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டபோது கப்பல் வேப்பிலை கட்டிக்கொண்டு நின்றது. அந்த நாட்களில் புதுத் தம்பதி மறுபடியும் சேலைத் திரைக்கே திரும்பவேண்டியிருந்தது. மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த ஒருத்தி இரண்டு நாள் கெபினைப் பூட்டிக்கொண்டு இறங்க மறுத்தாள். யார் எப்போது ஏறலாம் என்பதைப் பேச்சியம்மாதான் தீர்மானித்தாள். சாவி அவளுடைய இடுப்பில். செல்லசாமி தன் படகைத் துடைக்கவேண்டுமென்றாலும் அவளிடம் கேட்கவேண்டும்.

சுற்றுலாக்காரர்களுக்கென்று வாங்கிய செம்மஞ்சள் மிதவைச் சட்டைகளும் சும்மா இருக்கவில்லை. பனிக்காலத்தில் அதைவிடக் கதகதப்பான உடுப்பு கிடையாது என்பதை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருநாள் விடியற்காலைப் பெரட்டுக்கு ஆறு பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். மேற்பார்வைக்கு வந்த தோட்ட அதிகாரி, கண்டாக்கு ஐயா, திகைத்துப்போய், "என்னா, மலையில வெள்ளம் வரப் போகுதா?" என்று கேட்டார்.

"வந்தா நாங்க மெதப்போம். நீங்கதான் பாத்துக்கணும்" என்றாள் பேச்சியம்மா.

வைகாசி முடிவில் தென்மேற்கு மழை இறங்கியது. நீர்த்தேக்கம் மளமளவென்று நிரம்பி மைதானத்தின் அடிவரைக்கும் வந்துவிட்டது. இஸ்ஸதீன் நீர்த்தேக்கத்துக்காரர்களிடம் அலைந்து அனுமதியும் வாங்கிவிட்டு, ஒரு தச்சனையும் கூட்டிக்கொண்டு வந்தார். படுக்கைகளைக் கழற்றி வீசிவிட்டு வரிசையாக ஆசனம் போட்டால் பன்னிரண்டு பேரை ஏற்றலாம் என்பது அவர் திட்டம்.

பேச்சியம்மா படகின் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் லயத்துப் பெண்கள்.

"நானா, நீங்க எனக்கு அண்ணன் மாதிரி. கப்பல எறக்குங்க, ஓட்டுங்க, ஒழைங்க. ஆனா படுக்கையில கைய வச்சா, நான் இந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன்."

"தங்கச்சி, இது யாவாரம்..."

"ஒங்க வீட்டுல எத்தன ரூம்?"

இஸ்ஸதீன் தச்சனின் பக்கம் திரும்பினார். அவருடைய மனைவி நஸீராவே முந்திய இரவு, படுக்கையைக் கழற்றப் போகிறேன் என்றபோது இதே கேள்வியைக் கேட்டிருந்தாள். தச்சனை அனுப்பிவிட்டார்.

மரக்கட்டைகளைப் போட்டு உருட்டி, கோயில் மணியடித்து, தேங்காய் உடைத்து, கப்பலைத் தண்ணீரில் தள்ளினார்கள். இஸ்ஸதீன் தன் பங்குக்குக் கண்ணை மூடி துஆ கேட்டார். முதல் ஓட்டத்தில் நான்கு பேர்: செல்லசாமி, இஸ்ஸதீன், பேச்சியம்மா, தனுஷிகா. நால்வரும் செம்மஞ்சள் சட்டை. எதிர்க்கரைத் தோட்டத்தில் பேச்சியம்மாவின் அக்கா இருக்கிறாள். இரண்டு பஸ் மாறி, நடந்து போகவேண்டும் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு மட்டும் பார்த்துக்கொள்வார்கள். அங்கே போவதென்று பேச்சியம்மா தீர்மானித்திருந்தாள்.

இயந்திரம் உறுமிக்கொண்டு கிளம்பியது. கரையில் கூச்சல். பாதித் தண்ணீரில் போனதும் ஒரு விக்கல் விக்கி நின்றுவிட்டது.

சத்தமே இல்லை. நாலாபக்கமும் தண்ணீர். செல்லசாமி சாவியைத் திருகினார், கும்பிட்டார், மறுபடியும் திருகினார். இஸ்ஸதீன் உரக்க ஓத ஆரம்பித்தார். தனுஷிகா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது செல்லசாமி தலையை நிமிர்த்தினார். சுற்றிலும் மலை. மலையின் இடுப்பில் ஒரு நாடா மாதிரி அவருடைய பாதை. அதில் கொழுந்து லொறி ஒன்று வண்டு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் மறைந்தது, அடுத்ததில் வந்தது, மறுபடியும் மறைந்தது. அவர் ஒருபோதும் அதை இங்கிருந்து பார்த்ததில்லை. 'இவ்வளவு தூரமா ஓட்டினேன்' என்று நினைத்தார். தண்ணீர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை. பயமும் கொஞ்சம் விட்டது.

"என்னாங்க, அந்தப் பின்பக்கம் செவப்பா ஒரு திருகு இருக்குமே. அது தெறந்தா இருக்கு?" என்றாள் பேச்சியம்மா.

"எது?"

"பெட்ரோல் கொழாய்ல. நாந்தான் மாசியில மூடி வச்சேன். நாத்தத்துல மருமக சோறே திங்கல."

இஸ்ஸதீன் ஓதுவதை நிறுத்தினார். செல்லசாமி பின்னால் போய்த் திருகைத் திறந்தார். இயந்திரம் பிடித்துக்கொண்டது. பேச்சியம்மா கீழே இறங்கி, அந்த ஒற்றை அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

அக்காவின் தோட்டத்தில் சனம் கரைக்கு ஓடிவந்தது. படகு கொஞ்சம் வேகமாகவே போய்ப் புல்மேட்டில் ஏறி நின்றது. அக்கா, கையில் கொழுந்துக் கூடையோடு வந்தவள், தங்கச்சி கப்பலின் வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்பதைக் கண்டு, "ஏன்டி, என்னாடி இது கோலம்!" என்று அழுதாள். அப்புறம் சிரித்தாள். அடுப்பில் வைத்த தண்ணீர் அப்போதும் சூடாகத்தான் இருந்தது.

இன்று படகு தொழிலில்தான் இருக்கிறது. சனி, ஞாயிறில் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள். படுக்கை இருப்பதால் ஆறு பேருக்கு மேல் ஏற்ற முடியாது. இஸ்ஸதீன் அதற்காக இன்னமும் முணுமுணுக்கிறார். செவ்வாய்க்கிழமையில் எதிர்க்கரைச் சந்தைக்கு மரக்கறி மூட்டைகளும் பெண்களும். மற்ற நாட்களில் கரையோரமாகக் கட்டிக் கிடக்கும். ஆனால் லயத்தில் ஒரு கல்யாணம் நடந்தால் மூன்று நாளைக்குக் கப்பல் யாருக்கும் கிடையாது. அது பேச்சியம்மா போட்ட சட்டம்.

போன மாதம் ஒரு ஹோட்டல் மனேஜர் போன் பண்ணினார். சனிக்கிழமை பெரிய கூட்டம் வருகிறது, படகு கட்டாயம் வேண்டும் என்றார். செல்லசாமி போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை நம்ம லயத்துப் புள்ளைக்குக் கல்யாணம். கப்பல் ரிப்பேருன்னு சொல்லுங்க" என்றாள் பேச்சியம்மா, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே.

"கேக்குறாங்க, என்னா ரிப்பேருன்னு."

"ஒங்களுக்குச் சொல்லத் தெரியாதா? நீங்கதானே டிரைவர்."

செல்லசாமி போனிலிருந்து கையை எடுத்து, "பிரேக் புடிக்கலைங்க சேர்" என்றார்.